ஓடாத டெம்ப்ளேட்டைக் காட்டி ஒரு வருடக் காசு வாங்கிவிட்டார்கள்

மொரீஷியஸில் கிளவுட் சர்வர் (இணையம் வழியாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்) வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் கோவிலில் காவடி எடுப்பவர்களின் பெயர்ப் பதிவும் காணிக்கைக் கணக்கும் ஒரு பழைய மென்பொருளில்தான் இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் 2025 ஜனவரியில் படுத்துவிட்டது. பிப்ரவரி 11 தைப்பூசம், அதற்குப் பத்து நாள் முன்பே கொடியேற்றிவிடுவார்கள், விரதம் இருப்பவர்கள் பெயர் கொடுக்க வந்து நிற்பார்கள். அவசரத்தில் உள்ளூர் நிறுவனம் ஒன்றில் கிளவுட் சர்வருக்கு ஒரு வருட வாடகை 14,400 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். கேட்டலாக்கைப் பார்த்துத்தான் கட்டினேன். முப்பதுக்கு மேல் டெம்ப்ளேட் (சர்வரில் அப்படியே போட்டுக்கொள்ளத் தயாராக இருக்கும் இயங்குதளம்) இருந்தது, எங்களுக்கு வேண்டிய சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் முதல் வரிசையிலேயே இருந்தது.

சர்வர் எழுந்தது. ஆனால் மென்பொருள்களை இறக்கும் 'யம்' கட்டளை கொடுத்தால், அவை எங்கே கிடைக்கும் என்று சொல்லும் மிரர்லிஸ்ட் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரே வரி, எத்தனை தடவை அடித்தாலும் அதே வரி. ஒரு பேக்கேஜ்கூட இறங்கவில்லை. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்து, அந்த மிரர்லிஸ்ட் முகவரியையே எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. விற்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சரி, விண்டோஸ் டெம்ப்ளேட்டைப் போட்டுப் பார்த்தேன், அது எழவே இல்லை, நேராக 'எரர்' நிலைக்குப் போய்விட்டது. நான் எடுத்த திட்டத்தின் 20 ஜிபி டிஸ்க்கில் அது அடங்கவே அடங்காதாம், அப்படியிருந்தும் எனக்குக் காட்டினார்கள், பட்டனையும் அமுக்க விட்டார்கள்.

நிறுவனத்துக்குப் போன் செய்தால் அங்கே பேசியவர், "லிஸ்ட்டில் இருந்தது, நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள், பணம் திரும்ப வராது" என்கிறார். வேலைக்கு ஆகாததை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன், பழைய வாடிக்கையாளர்களின் சர்வர்கள் அதில்தான் ஓடுகின்றன, அழித்தால் அவர்களுக்குச் சிக்கல் என்றார். அழித்தால் சிக்கல் வரலாம், உண்மைதான். ஆனால் அழிக்கச் சொல்லி யார் கேட்டது? அவர்கள் வைத்திருப்பது ஓபன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள். இதே வேலையில் இருக்கும் என் மச்சான் சொன்னார்: டெம்ப்ளேட்டுகளை வைத்திருக்கும் அதன் கிளான்ஸ் பகுதியில், 2018-இல் வந்த ராக்கி பதிப்பிலிருந்தே இமேஜை (டெம்ப்ளேட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள்) மறைத்து வைக்க வசதி உண்டு, 'ஹிடன்' என்று ஒரே கட்டளை போதும், பட்டியலில் தெரியாது, பழைய சர்வர்களோ வழக்கம்போல ஓடும், ரீபில்டுகூட (அதே இமேஜில் சர்வரை மறுபடி அமைப்பது) செய்யலாம். டிஸ்க் விஷயமும் அப்படித்தான், 'மின் டிஸ்க்', அதாவது குறைந்தபட்சம் தேவையான டிஸ்க் அளவைக் குறித்து வைத்திருந்தால் சின்னத் திட்டத்தில் அதைப் போடும்போதே தடுத்துவிடுமாம். ஐந்து நிமிட வேலையை இவர்கள் செய்யாததால் கோவில் பணம் போனது. கொடியேற்றத்தன்று வரிசையில் நின்றவர்களிடம் நான் நோட்டில்தான் பெயர் எழுதினேன், அதில் வயதான அம்மா ஒருவர் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றார்.

யாரிடம் எடுத்தாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். எந்த டெம்ப்ளேட் வேண்டுமோ அதைப் போட்டு, அப்டேட் ஓடுகிறதா என்று அன்றைக்கே பாருங்கள். எடுக்கும் திட்டத்தில் அது எழுமா, எழாவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதை மெயிலில் எழுதி வாங்குங்கள், போனில் சொன்னதை நம்பாதீர்கள், நான் கேட்டலாக்கை மட்டும் நம்பித்தான் மாட்டினேன்.

என் புகாருக்கு இன்னும் பதில் இல்லை. இன்று காலை மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன், அந்த சென்ட்ஓஎஸ் 7 அதே முதல் வரிசையில் இருக்கிறது.