குளோனிங்கா, குருத்துக் கலமா, உறைநிலைச் சேமிப்பா: எதை முதலில் தொடங்குவது?

கொழும்பில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய குருத்துக் கலம், பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கேள்விகள் வரும். வீட்டில் நாய், பூனை வளர்ப்பவர்கள், "வெளிநாட்டில் இதற்கு ஊசி இருக்கிறதாமே, இங்கே போட முடியாதா?" என்பார்கள். யானை ரயிலில் அடிபட்டது, சிறுத்தை கம்பிச் சுருக்கில் செத்தது என்று செய்தி வந்தால், "விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்துவிட்டது, அழிகிற மிருகத்தைத் திரும்ப உண்டாக்கிவிடலாம்தானே?" என்று வேறு சிலர் கேட்பார்கள். இரண்டுக்கும் அடிப்படைக் கலவியல் ஒன்றுதான். ஆனால் கையிலுள்ள தெரிவுகளும் அவற்றின் விலையும் முற்றாக வேறு. வீட்டு மிருகங்களின் கதை சுருக்கமானது, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

பூனையின் வாய், நாயின் இடுப்பு

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் ஓர் அக்காவின் பூனைக்கு நாட்பட்ட வாயழற்சி. பசி குறையவில்லை. தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் ஓடி வரும், மீன் துண்டில் வாய் பட்டதும் சீறிக்கொண்டு பின்வாங்கும். முன்காலால் தாடையைத் தட்டும். எச்சில் வடிந்து நெஞ்சு மயிர் எப்போதும் ஈரமாக இருக்கும். இந்த நோய்க்குப் பழைய வழி கடைவாய்ப் பற்கள் எல்லாவற்றையும் பிடுங்குவது. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனைகள் அதிலேயே நன்றாகத் தேறிவிடுகின்றன. தேறாதவற்றுக்கு ஸ்டீரொய்ட் போன்ற மருந்துகள்தான் கதி என்றிருந்த நிலையை மாற்றியது கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மிருக வைத்தியர்களின் வேலை. பல் பிடுங்கியும் குணமாகாத 7 பூனைகளுக்கு, அவற்றின் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்து வளர்த்த குருத்துக் கலங்களை இரத்த நாளத்தில் ஏற்றினார்கள். 5 தேறின. 2016இல் வெளியான முடிவு இது. அடுத்த ஆண்டு வேறு பூனைகளின் கலங்களை ஏற்றிப் பார்த்தபோது 7இல் 4 தேறின.

சொந்தக் கலம் சற்று முந்துகிறது. ஆனால் அதற்கு ஏற்கனவே நொந்துபோன பூனையை மயக்கிக் கொழுப்பை எடுத்து, கலங்கள் பெருகும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொடையாளிக் கலம் ஆயத்தமாகக் கிடைக்கும், ஒரே மிருகத்திடமிருந்து பலவற்றுக்கும் போதும். ஏழு ஏழு பூனைகளை வைத்துக்கொண்டு இறுதித் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் அந்த அக்காவிடம் சொன்னது இதுதான்: முதலில் பற்கள். அதன் பிறகும் நோய் நின்றால், இந்தச் சிகிச்சை எங்கே கிடைத்தாலும் விசாரிக்கத் தகுந்தது.

நாயின் இடுப்பு மூட்டுத் தேய்வில் எனக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை. ஏற்றிய கலம் புதுக் குருத்தெலும்பாக வளர்ந்து மூட்டை நிரப்பும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அந்தக் கலங்கள் அழற்சியைத் தணிக்கும் சுரப்புகளை வெளிவிட்டு, சில வாரங்களில் மறைந்துபோகின்றன. அதனால் நோவு குறையலாம், மூட்டு புதிதாகாது. சோற்றிலேயே கொழுத்த லாப்ரடோருக்கு எடை குறைப்பும், மிருக வைத்தியர் அளவு பார்த்துத் தரும் மெலொக்சிகாம் போன்ற நோவு மருந்தும், தேவைப்பட்டால் சத்திர சிகிச்சையும் முன்னால் நிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் குருத்துக் கலத்தாலான முதல் மிருக மருந்துக்கு 2019இல் அனுமதி கொடுத்தது, அது நொண்டும் குதிரைகளுக்கானது. அனுமதி என்றால் எந்த மிருகத்தின் கலம், எங்கே வளர்த்தது, கிருமி உண்டா என்று பார்த்தார்களா, ஒரு ஊசியில் எத்தனை கலம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லாதவரிடம் எவ்வளவு பணம் கொடுத்தும் பயனில்லை.

இனி, காடு.

இரண்டு பெண் காண்டாமிருகங்கள்

வட வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. எஞ்சியவை நாஜினும் அதன் மகள் பாட்டுவும்தான். இரண்டாலும் குட்டியைச் சுமக்க முடியாது. இந்த ஒரு மிருகத்தின் மேல் உலகம் எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கிறது. அதனால் தெரிவுகளை ஒப்பிட இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

முதல் வழி சோதனைக் குழாய்க் கருக்கட்டல். பாட்டுவின் சூலகத்திலிருந்து முட்டைகளை எடுத்து, இறந்த ஆண்களின் உறைந்த விந்தோடு சேர்த்துக் கரு உண்டாக்கி, தென் வெள்ளைக் காண்டாமிருகத் தாயின் வயிற்றில் வைப்பது. ஒத்திகையாகத் தென் இனக் கருவையே 2023 செப்டெம்பரில் வைத்தபோது கரு தங்கியது. தாய் பக்டீரியாத் தொற்றில் இறந்துவிட்டது. உள்ளே 70 நாள் வளர்ந்த 6.4 சென்ரிமீற்றர் ஆண் சிசு இருந்தது. வழி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் முட்டைகள் தரக்கூடியது பாட்டு மட்டுமே. ஒரே தாயின் பிள்ளைகளை வைத்து ஓர் இனத்தைக் கட்டியெழுப்ப முடியாது.

அந்த இடைவெளியை நிரப்ப வருவதுதான் இரண்டாவது வழியான தூண்டப்பட்ட குருத்துக் கலம். 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா எலியின் சாதாரணத் தோல் கலத்துக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதை எந்தக் கலமாகவும் மாறக்கூடிய நிலைக்குப் பின்னோக்கித் திருப்பினார். 2011இல் வட வெள்ளைக் காண்டாமிருகத்தின் கலத்தில் அதையே செய்து காட்டினார்கள். 2016இல் ஜப்பானின் ஹயாஷி குழு, எலிக் குருத்துக் கலத்திலிருந்து ஆய்வுகூடத்திலேயே முழு முட்டையை வளர்த்துக் குட்டியும் ஈன வைத்தது. 2022இல் காண்டாமிருகக் கலத்தை முட்டைக்கும் விந்துக்கும் முன்னோடியான கலம் வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து முழு முட்டைக்கு இன்னும் நெடும் பாதை இருக்கிறது. எலியில் முடிந்தது பெரிய விலங்கில் எப்போது முடியும் என்று திகதி குறிப்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் இந்த வழியில் வேறு எதிலும் இல்லாத ஒரு நன்மை உண்டு. முட்டையும் விந்தும் உண்டாகும்போது மரபணுக்கள் கலைந்து புதிதாகச் சேர்கின்றன. அமெரிக்காவின் சன் டியேகோ மிருகக்காட்சிசாலையின் கலச் சேமிப்பில் உறைந்திருக்கும் 12 வட வெள்ளைக் காண்டாமிருகங்களின் கலங்களும் பெற்றோராகலாம் என்றால், அது ஒரு கூட்டம்.

குளோனிங்கில் கலைதல் இல்லை. இறந்த ஒன்றின் பிரதி மட்டும் கிடைக்கும். பிரெனீஸ் மலையின் காட்டு ஆட்டினம் 2000இல் அழிந்து, 2003இல் குளோனிங்கில் ஒரு குட்டி பிறந்தது. நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்தது. இன்னொரு பக்கம் வட அமெரிக்காவின் கருங்கால் மரநாய் இருக்கிறது. குளோன் வழி வந்தவற்றை விட்டால், இன்று உயிரோடிருக்கும் எல்லாம் வெறும் 7 மூதாதைகளின் வழி வந்தவை. 1988இல் உறைய வைத்த வில்லா என்ற பெண்ணின் கலத்திலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது. அதே கலத்தில் பிறந்த அன்ரோனியா 2024இல் குட்டிகளும் ஈன்றது. வில்லாவுக்குச் சந்ததியே மிஞ்சியிருக்கவில்லை. அதனால் அந்தப் பிரதி, தொலைந்துபோன மரபணுக்களை இனத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. குளோனிங் பொருந்துவது இப்படிப்பட்ட ஒடுங்கிய இடத்தில்தான். வாடகைத் தாயாக வீட்டு மரநாய் கைவசம் இருந்ததும் உதவியது. 22 மாதம் சுமக்கும் யானையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கதையை உற்றுப் பாருங்கள். சன் டியேகோவில் கலங்களை உறைய வைக்கும் வேலை தொடங்கியது 1970களில். யமனாக்கா வந்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. உறைய வைத்தவர்களுக்கு அவை எதற்குப் பயன்படும் என்றே தெரியாது. மலேசியாவின் கடைசி ஆண் சுமாத்திராக் காண்டாமிருகம் 2019 மே மாதம் இறந்தது. அதன் தோல் கலம் காப்பாற்றப்பட்டிருந்ததால்தான் 2022இல் பெர்லினில் குருத்துக் கலமாக்க முடிந்தது. மேலே சொன்ன பெரிய வித்தைகளை நாம் தள்ளிப் போடலாம், வேறு நாட்டார் செய்து முடிக்கும்வரை காத்திருக்கலாம். சேமிப்பை மட்டும் தள்ளிப் போட முடியாது. விதைநெல் இல்லாதவனுக்கு மழை பெய்து என்ன?

இங்கே என்ன இருக்கிறது

உறைநிலைச் சேமிப்பு வெளிநாட்டு ஆடம்பரம் என்று நினைக்கத் தேவையில்லை. காதிலிருந்து சில மில்லிமீற்றர் தோல் போதும். அதைப் பொடியாக நறுக்கி, கலங்களுக்குச் சத்தூட்டும் திரவமான வளர்ப்பூடகத்தில் உடற்சூட்டில் வைத்தால், ஓரிரு வாரத்தில் துண்டின் ஓரத்திலிருந்து நார்க்கலங்கள் கதிர் கதிராக ஊர்ந்து வெளிவரும். அவற்றைப் பெருக்கி, உறைவுகாப்புத் திரவம் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் மெதுவாகக் குளிரவிட்டு, கடைசியில் மறை 196 பாகைத் திரவ நைதரசனில் இறக்க வேண்டும். அந்தக் கொள்கலனை நுவரெலியாவிலும் வவுனியாவிலும் மாடு வளர்ப்பவர்கள் எத்தனையோ தரம் கண்டிருக்கிறார்கள். செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கு வருபவர் மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்து வருவது அதைத்தான். குண்டசாலை நிலையத்தில் காளை விந்தைச் சேமிப்பதும் அதே குளிரில்தான்.

மறை 80 பாகை மின் உறைபெட்டியா, நைதரசன் கொள்கலனா என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் வாழ்கிறோம். உறைபெட்டி மின்சாரத்தை நம்பி நிற்கிறது. வெற்றிடச் சுவருள்ள கொள்கலன் மின்சாரம் இல்லாமலே வாரக்கணக்கில் குளிரைத் தாங்கும், வற்றவிடாமல் நைதரசன் ஊற்றினால் போதும். ஆனால் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பாதி பேராதனை மிருக வைத்திய பீடத்திலும் பாதி கொழும்பிலும் இருக்கலாம். வெளிநாட்டில் ஒரு பிரதி வைப்பதற்கு, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் அனுமதிகள் வேண்டும். அதற்காகப் பார்த்துக்கொண்டிருக்காமல் உள்ளூரில் தொடங்கலாம். ஐதராபாத்தில் அழியும் நிலை விலங்குகளுக்கென்றே லாக்கோன்ஸ் ஆய்வகம் நடக்கிறது. பயிற்சிக்கு அதற்கு மேல் தூரம் போகத் தேவையில்லை.

எதிர்வாதம் வலுவானது, அதை மறைக்கக் கூடாது. அந்தப் பணத்தைக் காட்டுக்கும் வேலிக்கும் போட்டால் என்ன? யானை விடயத்தில் நான் அந்தப் பக்கமே நிற்கிறேன். 2011இல் 5,879 என்றும், 2024 கணக்கெடுப்பில் 7,451 என்றும் எண்ணியிருக்கிறார்கள். பிறப்பில் குறையில்லை. 2023இல் மட்டும் 480க்கு மேற்பட்ட யானைகளும் ஏறத்தாழ 180 மனிதர்களும் இறந்தார்கள். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பு ரயில் பாதையில் ஹபரணைப் பக்கம் ஒரே மோதலில் 6 யானைகள் போயின. துவக்கு, தீனிக்குள் ஒளித்து வைக்கும் வாய்வெடி, மின்சாரம், ரயில், கைவிட்டுப்போன காடு: எந்தக் குருத்துக் கலமும் இவற்றுக்கு மருந்தாகாது.

ஊதாமுக மந்தியின் மேற்குப்பகுதி உபஇனத்தின் நிலை வேறு. அது கொழும்பு, கம்பஹா, களுத்துறை உள்ளிட்ட இலங்கையின் மேற்குப் பக்கத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. பலா மரத்திலிருந்து அடுத்த வளவின் மாமரத்துக்குத் தாவ முன்பு கிளை இருந்தது. வீடுகள் நெருங்கியதும் கிளை போய் மின்கம்பி வந்தது. ஒரு கையால் ஒரு கம்பியையும் வாலாலோ காலாலோ மற்றதையும் தொட்டால் முடிந்தது. கம்பிக்கு உறை போடுவதும், மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலம் கட்டுவதும் உடனடி வேலை. ஆனால் இன்று காலை ஒரு மந்தி செத்து விழுந்தால், அதை அப்படியே புதைப்பதா, தோல் எடுத்துவிட்டுப் புதைப்பதா என்பதுதான் கேள்வி. பாலத்துக்கும் தோலுக்கும் போட்டியே இல்லை. தலங்கம, பெத்தகான சதுப்புப் பக்கம் வீதியில் அடிபடும் மீன்பிடிப் பூனைக்கும், மலையகத் தோட்டங்களில் சுருக்கில் மாட்டி இறக்கும் சிறுத்தைக்கும் இது அப்படியே பொருந்தும். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் முதுமையால் இறக்கும் ஒவ்வொன்றுக்கும்கூட.

ஆகவே என் வரிசை இது: நிலமும் கம்பியும் ரயில் வேகமும் முதலிலும் எப்போதும். அதோடு சேர்த்து, இன்றே, தோல் சேமிப்பு. குருத்துக் கலத்திலிருந்து முட்டையாக்குவதற்கு ஓரிரு ஆய்வாளர்களைப் பயிற்றுவித்தால் இப்போதைக்குப் போதும். குளோனிங்குக்கு ஒரு சதமும் வேண்டாம்.

வேலையில் தவறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. நம் வெயிலில் உடல் சில மணித்தியாலத்தில் கெடத் தொடங்கும். நல்லெண்ணத்தோடு யாராவது தோல் துண்டை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் வைத்தால், பனிப் படிகம் கலச்சவ்வைக் கிழித்துவிடும். மரபணுச் சோதனைக்கு உதவும், உயிர்க்கலம் கிடைக்காது. வளர்ப்பூடகக் குழாயில் 4 பாகையளவில், ஐஸ் பெட்டிக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர வேண்டும். 1937ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகத்தில் நாம் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வீதியில் ஒன்றைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து, நிழலுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பிரேத பரிசோதனைக்கு வரும் மிருக வைத்தியரின் பையில் அந்தக் குழாய் இருக்க வேண்டும். அதை வாங்கிக் கொடுக்கும் செலவு ஒரு மின்வேலித் தூணின் செலவுகூட வராது.