ஸ்பாட் யூரினா, 24 மணி நேர கேனா: கல் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு எது உருப்படி?

சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் யூரின் டெஸ்டில் இரண்டு ரகம் உண்டு. சின்ன டப்பாவில் பிடித்து லேபில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டும் ஸ்பாட் யூரின் ஒன்று. பெரிய கேனை வீட்டுக்குத் தூக்கி வந்து, ஒரு நாள் முழுக்கப் போவதையெல்லாம் அதில் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. எனக்கு மறுபடி கல் வந்தபோது நான் கேனைத்தான் எடுத்தேன், இப்போதும் கேன் கட்சிதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஸ்பாட் யூரினைக் குறை சொல்ல மாட்டேன், அதன் வேலை வேறு. ரத்த அணு இருக்கிறதா, சீழ் அணு இருக்கிறதா, கிருமித் தொற்றா என்பதெல்லாம் அதில் சீக்கிரம் தெரிந்துவிடும். வலியோடு காய்ச்சலும் இருந்தால் அதுதான் முதலில் வேண்டும், கேனைத் தூக்கிக்கொண்டு அலைகிற நேரமில்லை அது. யூரினில் புரதம் கசிகிறதா என்று பார்க்கவும் காலை முதல் யூரினில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவுக்கும் உள்ள விகிதம் பார்த்தால் போதும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவும் உடனே பிடித்த யூரினில் பார்ப்பதே நம்பகம், நேரம் கழிந்தால் கிருமி வளர்ந்து அளவை ஏற்றிவிடும்.

ஆனால் கல் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஸ்பாட் யூரின் கையை விரித்துவிடும். கல்லாகச் சேரும் கால்சியமும் ஆக்சலேட்டும் சாப்பாட்டுக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு, ராத்திரி வேறு அளவு என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் விட, ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு யூரின் போகிறது என்பதை அந்தச் சின்ன டப்பா சொல்லவே முடியாது. கல்லுக்கு முதல் வைத்தியமே குறைந்தது 2.5 லிட்டர் யூரின் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிப்பதுதான் (குடிக்கிற தண்ணீர் 2.5 லிட்டர் இல்லை, போகிற யூரின்). நிறையத்தானே குடிக்கிறேன் என்று சொல்லாதவர் யார்? கேனில் இருக்கும் கோட்டைப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

கேன் ரிப்போர்ட்டில் கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம் என்று தனித்தனியாக வரும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியமும் தனி. சோடியம் கூடியிருந்தால் உப்பு கூடுதல் என்று அர்த்தம், உப்பு கூடினால் கால்சியமும் சேர்ந்து வெளியேறும். கல் உருவாகாமல் தடுக்கும் சிட்ரேட் குறைவு என்றால் பொட்டாசியம் சிட்ரேட் கொடுப்பார்கள். இது எதையும் பார்க்காமல் கால்சியம் கல்தானே என்று பாலை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குடலில் ஆக்சலேட்டைப் பிடித்து வைப்பதே சாப்பாட்டுக் கால்சியம்தான், அதைக் குறைத்தால் ஆக்சலேட் யூரினில் ஏறும்.

சரி, கேனின் பெரிய ஓட்டை எங்கே என்றால், சேர்ப்பதில். காலை 6 மணிக்கு ஆரம்பித்தால் அந்த 6 மணி யூரினை வெளியே விட்டுவிட வேண்டும், மறுநாள் 6 மணி யூரினைச் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு தடவை விட்டுப்போனாலும் ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் சேர்ந்து குறையும், கால்சியம் நார்மல் என்று வரும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். இதைக் கண்டுபிடிக்கும் வழி அதே ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது: மொத்தக் கிரியாட்டினின். அது தசையிலிருந்து வருவதால் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. ஆண் என்றால் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 20 முதல் 25 மி.கி., பெண் என்றால் 15 முதல் 20. ஆக 60 கிலோ ஆணுக்கு 1200–1500 மி.கி. வர வேண்டும். 800 என்று வந்தால் யூரின் எங்கோ தப்பியிருக்கிறது, 2000 என்று வந்தால் 24 மணியைத் தாண்டிச் சேர்த்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கும் தசை குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு இறங்கும், உடல் பருமன் அதிகம் என்றாலும் சரியாகப் பொருந்தாது. அதனால் உங்கள் பழைய ரிப்போர்ட்டையே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் ரிப்போர்ட்டின் மற்ற எந்த வரியையும் நான் நம்புவதில்லை.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மட்டும் கேன் வேண்டாம் என்பேன். கேன் யூரினையும் ரத்தத்தையும் வைத்து கிரியாட்டினின் கிளியரன்ஸ் (கிட்னி கிரியாட்டினினை ரத்தத்திலிருந்து வெளியேற்றும் வேகம்) போட முடியும்தான், ஆனால் கிட்னிக் குழாய்களும் கொஞ்சம் கிரியாட்டினினைத் தள்ளுவதால் அது உள்ளதை விட நன்றாகவே காட்டும், சேர்ப்பதில் நடந்த பிசகும் அப்படியே உள்ளே வந்துவிடும். ரத்தக் கிரியாட்டினினோடு வயதையும் பாலினத்தையும் வைத்து கிட்னி வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் சுலபம், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். ஆனால் இரண்டிலும் மாட்டாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு பக்கக் குழாயில் கல் அடைத்து அந்தக் கிட்னி வீங்கியிருந்தாலும், இன்னொன்று நன்றாக இருந்தால் கிரியாட்டினின் கிட்டத்தட்ட நார்மலாகவே வரலாம். அதற்கு ஸ்கேன்தான் வழி.

எனக்கு வந்தது கால்சியம் ஆக்சலேட் கல், என் பேச்செல்லாம் அதை வைத்துத்தான். யூரிக் அமிலக் கல் என்றால் பிஹெச் தான் பெரிய விஷயம், 5.5க்குக் கீழேயே நின்றால் சிக்கல், அதைக் கண்காணிக்க அடிக்கடி ஸ்பாட் பார்ப்பதே சௌகரியமாக இருக்கலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கேன் சரிப்படாது, அங்கே ஸ்பாட் யூரினில் கால்சியம்–கிரியாட்டினின் போன்ற விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கேன் எடுப்பதானால் கல் வெளியேறின கையோடு எடுக்காதீர்கள், சில வாரம் போகட்டும். டெஸ்ட் நாளென்று கூடுதலாகத் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு வழக்கம்போல இருங்கள். வைட்டமின் சி மாத்திரை ஆக்சலேட்டை ஏற்றும், போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், சில லேப்களில் கேனுக்குள் ஆசிட் ஊற்றித் தருவார்கள். அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், நேராக அதிலேயே போகவும் வேண்டாம், தனியாக ஒரு மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள்.