மூன்று முறையும் சிறுநீர்த் தொற்று என்றே சொல்லி அனுப்பினார்கள்

அடிவயிற்றில் விடாத வலி, நிறம் மாறிய வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், உடலுறவுக்குப் பின் இரத்தக்கசிவு ஆகிய தொல்லைகளுடன் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மூன்று மாதங்களில் மூன்று முறை சென்றேன். மூன்று முறையும் எரிச்சலை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை எழுதினார்கள். சிறுநீர் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை என்று அறிக்கை வந்த பிறகும் சீட்டு மாறவில்லை. ஸ்கேனில் குறை எதுவும் தெரியாததால் மனதைத் தளரவிடாமல் இருக்கச் சொன்னார்கள். படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேறொரு மகளிர் மருத்துவர் உள்பரிசோதனையில் கருப்பை வாயை விரலால் மெல்ல அசைத்ததுமே வலியில் துடித்துப்போனேன். இடுப்புக்குழி அழற்சிக்கு (கருப்பையிலும் கருக்குழாய்களிலும் தொற்றால் வரும் அழற்சி) அந்த வலியே முக்கியமான அடையாளம் என்றும், ஸ்கேன் இயல்பாக இருப்பதால் மட்டும் அழற்சி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அவர் விளக்கினார். பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியில், உடலுறவால் பரவும் கிளமிடியா என்ற கிருமி இருந்தது. வழக்கமான சிறுநீர் கல்ச்சரில் அது வளராது. பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாத இந்தத் தொற்று, சிலருக்குக் கருப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாய்களில் தழும்பை உண்டாக்கிவிடுகிறது.

ஓர் ஊசியும், 14 நாட்களுக்கு டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் மாத்திரைகளும் தந்து, 72 மணி நேரத்துக்குள் மீண்டும் வந்து காட்டச் சொன்னார். என் கணவருக்கும் மருந்து கொடுத்து, இருவரும் முடிக்கும்வரை உறவு கூடாதென்றார். இல்லாவிட்டால் தொற்று எனக்கே திரும்பிவிடுமாம். முந்தைய இடத்தில் கணவரைப் பற்றிய பேச்சே எழவில்லை. (கூச்சத்தால் நானும் எடுக்கவில்லை.)

இதே தொல்லைகள் இருந்து சிறுநீர் அறிக்கை சுத்தமாக வந்தால், கிளமிடியா, அதைப் போலவே உடலுறவால் பரவும் கொனோரியா இரண்டுக்கும் பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒருமுறை இந்த அழற்சி வந்தவர்களுக்குக் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கும் அபாயம் கூடுதல் என்பதால், மாதவிடாய் தள்ளிப்போய் ஒருபக்கம் கடும் வலியோ மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஓராண்டு கழித்து, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் வலதுபக்கக் குழாயின் முனையில் சாயம் மெல்லிய புகைபோல் பரவியது. இடதுபக்கம் கருப்பையின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் படத்தை, பழைய மூன்று சீட்டுகளும் இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறேன்.