கொடைக்கானலில் ‘ஒளி இருள் சமநிலை’ பயிற்சிக்குப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் படிக்க

சம்மனசையும் (தேவதூதரையும்) பசாசையும் சேர்த்து அழைக்கிற பயிற்சி இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் மூடநம்பிக்கை, உனக்கு நன்றாக வேண்டும் என்று சொல்ல வருகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இந்த மாதிரி அழைப்புகளில் எனக்கு ஆறு வருடப் பழக்கம். பாட்டி காவல் சம்மனசு செபம் சொல்லித் தூங்க வைத்து வளர்ந்தவன் நான். விளக்கு வைத்த பிறகு பசாசின் பேரைச் சொன்னால் அதே பாட்டி வாயில் அடிப்பார். அதனால் வீட்டில் தனியாகச் செய்ததெல்லாம் சம்மனசுகள் பக்கம் மட்டும்தான். மறுபக்கத்துக்குப் பழகிய ஆள் ஒருவர் துணை வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டினேன்.

காரணமும் இருந்தது. பெருமாள்மலையில் அப்பா விட்டுப்போன 40 சென்ட் காப்பித் தோட்டத்தின் மூலப் பத்திரம் காணவில்லை. அக்காவும் நானும் பீரோ, பரண், அரிசி டிரம் வரை தேடிவிட்டோம். பசாசுகளை அழைக்கும் முறை சொல்லும் பழைய மந்திர நூலான கொயேத்தியா சொல்லும் 72 பசாசுகளில் மூன்றாவது வாசாகோ. தொலைந்ததைக் காட்டும், சுபாவத்தில் நல்லது என்று பெயர். அந்த நூலுக்கு ரட் என்பவர் பெயரில் வழங்கும் கையெழுத்துப் படியில் 72 பசாசுகளுக்கும் ஆளுக்கொரு தூதர் காவல். வாசாகோவுக்குக் காவல் சித்தாயேல். இரண்டு பேரையும் சேர்த்து அழைத்துத் தருகிறேன் என்றார், ஊருக்குச் சற்று வெளியே வீடு எடுத்துத் தங்கியிருந்த அந்த ‘குரு’. பெயர் போடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறவருக்கு அதனால் நட்டமும் இல்லை.

முதல் சந்திப்புக்கு 4,500. சித்தாயேலின் பெயர் பொறித்த செப்புத் தகடு 6,000. ‘பரம்பரையாக வந்த பிரதி’ என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு 3,000. அந்தக் கட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

டிசம்பர் ராத்திரி, வெளியே புல்லெல்லாம் உறைபனி. மூல நூலில் வட்டம் 9 அடி. அதிலிருந்து 2 அடி தள்ளி வெளியே 3 அடி முக்கோணம். நாம் வட்டத்துக்குள், வருவது முக்கோணத்துக்குள். அவருடைய அறையோ பத்துக்குப் பத்து. மனிதர் முக்கோணத்தை வட்டத்துக்குள்ளேயே வரைந்துவிட்டார்! கேட்டால், “இடத்துக்குத் தக்கபடிதான் தம்பி.” புலியைக் கூண்டில் விட்டு, நாமும் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். சாம்பிராணிப் புகையில் இருமிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரைச்சீலை ஆடியது. “வந்தாச்சு,” என்றார். ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டை வைத்து அடைத்திருந்ததைக் காலையில்தான் பார்த்தேன்.

மறுநாள் மாலை போன் வந்தது. “வந்தது திரும்பிப் போகலை தம்பி. உங்க பின்னாலேயே வீட்டுக்கு வந்திருக்கு. அனுப்பி வைக்க 15,000 ஆகும்.” மூன்று ராத்திரி தூங்கவில்லை. சமையல்கட்டில் டம்ளர் உருண்டால்கூட நெஞ்சு அடித்துக்கொண்டது. கடன் வாங்கிக் கட்டினேன்.

இந்த மாதிரி சாதனையில் விடை கொடுப்பது தனிச் சடங்கே இல்லை. அழைப்பு முடிந்ததும் வந்ததைச் சமாதானமாகப் போகச் சொல்லும் சில வரிகளைச் சொன்ன பிறகுதான் வட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். எனக்கே தெரிந்த விஷயம், பயத்தில் மறந்துபோனது. கடைசியில் என் போனில் இருந்த கொயேத்தியா பிரதியைத் திறந்து அந்த ஜெராக்ஸோடு ஒப்பிட்டேன். பரம்பரையாவது ஒன்றாவது, 1904இல் ஆங்கிலத்தில் அச்சான புத்தகம், இன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். விடை கொடுக்கும் வரிகள் இருக்கும் பக்கத்தை மட்டும் உருவிவிட்டு மீதியை எனக்கு விற்றிருக்கிறார்.

தகட்டின் கதை இன்னும் மோசம். 72 தூதர் பெயர்களும் பைபிளில் யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தின் 19, 20, 21ஆம் வசனங்களிலிருந்து வருகின்றன. எபிரேயத்தில் மூன்றுக்கும் தலா 72 எழுத்து. நடு வசனத்தைத் தலைகீழாக எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து எடுத்தால் மூன்றெழுத்துப் பெயர். சித்தாயேலுக்கு சாமெக், யோத், தேத். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வட்டக்கானலில் எந்நேரமும் இஸ்ரேல் பிள்ளைகள் தங்கியிருப்பார்கள். டீக்கடையில் ஒரு பையனிடம் தகட்டைக் காட்டினேன். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவனாம். விழுந்து விழுந்து சிரித்தான். பொறித்தவர் எழுத்துகளைத் தமிழ் மாதிரி இடமிருந்து அடுக்கிவிட்டார். அதை எபிரேய முறைப்படி வலமிருந்து படித்தால் வருவது விமானம் ஓட்டுவதைக் குறிக்கும் சொல்லாம். அவர்கள் விமானப்படையில் பைலட் பயிற்சிக்கே அந்தப் பேர்தான். 6,000 ரூபாய்க்கு நான் பைலட் பயிற்சியைப் பூஜையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

ஆக மொத்தம் 28,500 ரூபாய். பத்திரம் கிடைத்ததா என்றால், இல்லை. அக்கா வில்லங்கச் சான்று போட்டுப் பத்திர எண்ணைக் கண்டுபிடித்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க, அந்தத் தகட்டுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. போலீசில் புகார் கொடுத்து, பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்திருக்கிறோம். கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழுக்காகக் காத்திருக்கிறோம்.

போன வாரம் மறுபடி அவரிடமிருந்து மெசேஜ். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம், வீட்டின் வடகிழக்கு மூலையில். அந்த மூலையில் இருப்பது கேஸ் சிலிண்டர்.