வெம்பிளி வேப் கடை: காயிலைக் கழற்றிப் பார்த்த தம்பி

சிகரெட்டை விட்டு எட்டு மாதம். வீட்டுப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்ன வேப் (மின்சிகரெட்) கடைக்கு ஐந்து நட்சத்திரமும் தருகிறேன், கடைக்காரத் தம்பிக்காகவே.

நானே சுற்றிய காயில், அதாவது வேப்புக்குள் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள். 26 கேஜ் தடிமனில் காந்தல் என்கிற சூடேற்றும் கம்பி, சுருள் 3 மில்லிமீட்டர் விட்டம், ஆறு சுற்று. மின்தடை 0.8 ஓம் என்று காட்ட வேண்டிய மீட்டர் திடீர் திடீரென்று 0.2க்கு இறங்கியது. தம்பி காயிலுக்குள் திரவம் ஊறுகிற பஞ்சை உருவிவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார். நறுக்காமல் விட்ட கம்பி நுனி, மயிரிழை அளவு நீண்டு மூடியில் முட்டிக்கொண்டிருந்தது! நுனியை வெட்டி, ஸ்க்ரூவை இறுக்கினார். தன் மெஷினில் குறைந்த வாட்டில் விட்டு விட்டு அழுத்தினார். காயில் நடுவிலிருந்து இரு பக்கமும் சீராகச் சிவந்தது.

"அண்ணா, 4.2 வோல்ட்டை 0.2 ஆல வகுத்துப் பாருங்க, 21 ஆம்பியர். உங்க பேட்டரி செல் தாங்குறதே 20தான்."

என்னுடையது பாதுகாப்புச் சிப் இல்லாத மெக்கானிக்கல் மாட், பேட்டரி மின்சாரம் நேராகக் காயிலுக்குப் போகிற வேப் கருவி. புதுசாகப் பழகுகிறவருக்கு அது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். விற்க நினைக்கிறவர் அப்படிச் சொல்வாரா?

அதில் போடுகிற 18650 என்கிற லித்தியம் செல்லின் மேல் உறை பாசிட்டிவ் முனையோரம் கிழிந்திருந்தது. உறைக்குள்ளே உடம்பு முழுக்க நெகட்டிவ், முனையின் விளிம்பு வரைக்கும். அங்கே உலோகம் பட்டால் நேராக ஷார்ட். காசு வாங்காமல் புது உறை மாட்டினார். சாவியோடு பாக்கெட்டில் போடாதீர்கள் என்று பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார்.

ஞாயிறு மதியம் கூட்டம் அதிகம், வார நாளில் போங்கள்.