டிரையத்லானில் காசு எங்கே போக வேண்டும்: கோச்சுக்கா, கார்பன் சக்கரத்துக்கா?

கோவா 70.3 டிரையத்லான் பந்தயத்துக்குப் (70.3 என்பது மைல் கணக்கில் மொத்த தூரம்) பேர் கொடுத்தவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு பைக்கில்தான் தொடங்கும். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இதில் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்குவது நீச்சல். காசு போவதோ சைக்கிளுக்கு. சில வருடங்களாக நான் இரண்டுக்கும் செலவழித்து வருகிறேன். கோச்சுக்கு மாதம் 8,000 ரூபாய். ஒரு போனஸ் வந்த சமயத்தில் காற்றைக் கிழிக்க விளிம்பு 50 மி.மீ. ஆழமாக இருக்கும் கார்பன் சக்கரம், 1.4 லட்சம். பைக் மட்டும் அதே பழைய அலுமினியம் ரோடு பைக்.

நீச்சலில்தான் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிந்தது. கோச் போனை வாட்டர்ப்ரூஃப் உறையில் போட்டுத் தண்ணீருக்குள் பிடித்துப் படம் எடுத்தார். மூச்சு வாங்கத் தலை மேலே வருகிறது. உடனே இடுப்பும் காலும் கீழே போகின்றன. வலது கை நேராக நீளாமல் தலைக்குக் குறுக்கே போய் இடப்பக்கம் விழுகிறது. "ஸ்டாமினா எல்லாம் இருக்கு சார், நீங்க தண்ணியோட சண்டை போடுறீங்க" என்றார். அப்புறம் ஒரு சீசன் முழுக்க தூரத்தைக் கூட்டவே விடவில்லை. மூச்சு வாங்கும்போது நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், மூச்சைத் தண்ணீருக்குள் விட்டு முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். 100 மீட்டருக்கு 2:50 ஆக இருந்தது 2:15 ஆனது. 1.9 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் பதினோரு நிமிடம். குளிர்நாட்டுக்காரர்கள் வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை வாங்கிக் காலை மிதக்க வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட்டுக்கு அனுமதி இல்லை. கோவாக் கடல் அதைவிடச் சூடு.

சக்கரத்துக்கு வருகிறேன். சத்தம் அருமை, பொய் சொல்ல மாட்டேன். சென்னை ஈசிஆரில் மணிக்கு 30 கி.மீ.யைத் தாண்டியதும் வேகம் குறையாமல் நிற்பது காலுக்குத் தெரியும். ஆனால் 90 கி.மீ.க்கு என் வேகத்தில் மிச்சமாவது சில நிமிடங்கள்தான். முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் முன்சக்கரம் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும், ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தே தோள் வலிக்கும்.

சமதரையில் அந்த வேகத்தில் நம் சக்தியில் பெரும்பகுதியைத் தின்பது காற்று. அந்தக் காற்று முக்கியமாக மோதுவது சக்கரத்தில் இல்லை, நம் உடம்பில். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளியவும் இந்தப் பந்தயத்தில் விதி இடம் தராது. எனவே சீட்டையும் ஹேண்டிலையும் நம் உடம்புக்கு ஏற்றபடி அளந்து வைக்கும் பைக் ஃபிட்டும், முழங்கையை ஊன்றிக் குனிய ஹேண்டிலில் மாட்டும் 9,000 ரூபாய் கிளிப்-ஆன் ஏரோ பாரும், அதில் குனிந்தே கிடக்கும் பழக்கமும்தான் எனக்கு நிஜமாக வேகம் கொடுத்தன. பத்து பத்து நிமிடமாகப் பழக்கினார் கோச். நண்பர் ஒருவரிடம் குனிந்து ஓட்டவென்றே செய்த டிடி (டைம் டிரையல்) பைக் ஐந்து லட்ச ரூபாயில் இருக்கிறது. கழுத்து வலி தாங்காமல் கோவளம் வருவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கார்த்திகை மாத எதிர்க்காற்றில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும் அவரை என் அலுமினியம் முந்திவிடும். அவர் கால் என் காலைவிடப் பலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் தனி ரகம். அதைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தால் தங்கம், இல்லாவிட்டால் இன்னொரு எண். எஃப்டிபியில் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச சக்தி) 75 முதல் 80 சதவீதத்துக்குள் சைக்கிளை முடி என்று கோச் கட்டுப்படுத்தியதால்தான் கோவா வெயிலில் கடைசி ஐந்து கிலோமீட்டரை நடக்காமல் ஓடினேன்.

கோச் என்றாலே உசத்தி என்றும் சொல்ல முடியாது. இவருக்கு முன் ஆன்லைனில் ஒருவரிடம் இருந்தேன். கணுக்கால் பிசகியதை எழுதி அனுப்பினேன்; அடுத்த வாரமும் அதே இன்டர்வெல் ஓட்டம் ஆப்பில் வந்து நின்றது. எல்லோருக்கும் ஒரே அட்டவணை போலும். அந்தக் காசுக்கு நல்ல ஷூ வந்திருக்கும். சேரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: என் நீச்சலைக் கண்ணால் பார்ப்பீர்களா, மூன்று நாள் பயிற்சி விட்டுப்போனால் அடுத்த வாரத்தை எப்படி மாற்றுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது எனக்குப் பந்தய சீசனில் மட்டும்தான் கோச். கார்பன் சக்கரம் பந்தய வாரத்தில் மட்டும் பரணிலிருந்து இறங்கும். முதல் முறை போகிறவர் கையில் ஒரு லட்சம் இருந்தால் ஆறு மாதம் நீச்சலை நேரில் பார்க்கும் கோச், பைக் ஃபிட், ஏரோ பார், ஒரு ஜோடி நல்ல டயர் என்று போடச் சொல்வேன். மிச்சம் சைக்கிளைப் பெட்டியில் கட்டி கோவாவுக்குக் கொண்டுபோகவே சரியாக இருக்கும்.