புரோபோர்ஷனிங் வால்வா, பேலன்ஸ் பாரா?

முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும் பிடிமானம் மிகுந்த டயர்களும் மாற்றிய பிறகு, தொழிற்சாலையில் வகுக்கப்பட்ட முன்–பின் பிரேக் விகிதம் அந்தக் காருக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அதைத் திருத்த உதவும் இரண்டு வழிகளே புரோபோர்ஷனிங் வால்வும் பேலன்ஸ் பாரும்.

பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் திரவக் குழாயில் பொருத்தப்படும் புரோபோர்ஷனிங் வால்வு, ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை எதையும் தடுக்காமல், அதைத் தாண்டியபின் பின்பக்க அழுத்தம் உயரும் வீதத்தை மட்டும் குறைக்கிறது. கடுமையாக பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கி நகர்ந்து பின்சக்கரங்களின் மீதான சுமை குறைவதால், இந்தச் செயல்பாடு காரின் தேவையை நன்றாகவே ஒட்டிச் செல்கிறது. ஆனால் வால்வால் பின்பக்கத்தைக் குறைக்கத்தான் முடியும். முன் பிரேக் ஏற்கெனவே மிகையாகிவிட்ட காரில் அது பயன்படாது. இதைக் கவனிக்காமல் வால்வை வாங்குவோரே அதிகம்.

பேலன்ஸ் பார் அமைப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர்கள் (மிதியின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றுபவை) உண்டு. மிதியின் விசை அவற்றை இணைக்கும் திருகுத்தண்டின் மீதுள்ள பேரிங் வழியாகப் பிரிகிறது. பேரிங் எந்த சிலிண்டரை நெருங்குகிறதோ, அதற்கே கூடுதல் பங்கு. இரு திசையிலும் திருத்தலாம் என்பதே இதன் பெரிய பலம். ஈரத் தளத்தில் எடை குறைவாகவே முன்னோக்கி நகர்வதால், ஓட்டுநர் அந்தத் தண்டைத் திருப்பும் குமிழைத் திருகிப் பின்பக்கப் பங்கைச் சற்றுக் கூட்டலாம். தளம் உலர்ந்ததும் அதைத் திருப்பி வைக்காவிட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டி, அதாவது சுழலாமல் நின்று, கார் சுழன்றுவிடக்கூடும். பொதுவாக மிதியின் விசையைப் பெருக்கும் பூஸ்டரையும் கைவிட வேண்டியிருப்பதால் மிதி கனக்கும்.

அன்றாடச் சாலைக்கு வால்வையும், பந்தயத் தடத்துக்கு பாரையும் பரிந்துரைப்பேன். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இயங்கும் காரில் இரண்டில் எதையும் சேர்க்க வேண்டாம்.